சேவியர் எண்ணிய அறுபது நாட்கள்

1

ஹல் என்ற இந்த ஊருக்கு நாங்கள் வந்து போன வாரத்தோடு ஐந்து வருடம் முடிந்தது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் துறைமுக ஊர். மீன் வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து அடிக்கும் நாட்களில் கண்ணை மூடிக்கொண்டால் சென்னையில் எங்கள் ராயபுரம்தான். வெயில் ஒன்றுதான் குறைச்சல். போனில் என் தங்கை, "அஞ்சு வருஷமாச்சே, கேக்கு வெட்னியா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. இங்கே ஐந்து வருடம் முடிந்தால் கேக் வெட்ட மாட்டார்கள், கட்டணம் கேட்பார்கள்.

விஷயம் இதுதான். நான் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். என் வேலைக்குக் கிடைத்த விசாவில்தான் என் வீட்டுக்காரர் சேவியரும், இப்போது பதினான்கு வயதாகும் மகள் ஷெரினும் இங்கே இருக்கிறார்கள். ஐந்து வருடம் முடியும்போது நிரந்தரமாகத் தங்குவதற்கு அனுமதி கேட்கலாம். அதற்குத் தலைக்கு மூவாயிரம் பவுண்டுக்கு மேல் கட்டணம். விசா முடியும் தேதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பாதி இன்று, மீதி அடுத்த மாதம் என்ற பேச்செல்லாம் அங்கே நடக்காது. ஒருவர் பெயருக்குக் கட்ட முடியாமல் போனால் அந்த ஒருவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஆகவே இந்தக் குறிப்பு கிரெடிட் கார்டைப் பற்றியது. புலம்பெயர்ந்தவள் பனியைப் பற்றி எழுதுவாள், தனிமையைப் பற்றி எழுதுவாள் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். பனி எல்லோருக்கும்தான் பெய்கிறது. என் புருஷனைப் பற்றி உருப்படியாக நாலு வார்த்தை எழுத வேண்டுமென்றால் நான் கார்டைப் பற்றித்தான் எழுதியாக வேண்டும்.

2

இரண்டு கார்டுகள் இருந்தன. பச்சை ஒன்று, நீலம் ஒன்று. வங்கிகளின் பெயர் எதற்கு, நிறம் போதும். பச்சையை நான் வந்த புதிதில் வாங்கினேன். வீட்டுக்கு முன்பணம், மூன்று பேருக்கும் குளிர் கோட்டு, கட்டில், பாத்திரம் என்று எல்லாம் அதில் ஏறின. சேவியருக்கு முதல் ஆறு மாதம் வேலை கிடைக்கவில்லை. அந்த ஆறு மாதத்து அரிசியும் அதில்தான் இருக்கிறது.

நீலம் போன வருடம் வாங்கியது. அதன் கதை வேறு. என் மாமியார் திடீரென்று இறந்துபோனார். அன்றைக்கு அன்றே மூன்று டிக்கெட் எடுத்தால் என்ன விலை இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நீங்கள் மட்டும் போய்வாருங்கள் என்று சேவியரிடம் சொன்னேன். "ஷெரினும் வரணும் ரீட்டா. மூலக்கொத்தளம் கல்லறையில ஒரு பிடி மண்ணு அதுவும் போடணும்" என்றார். மூன்று பேரும் போனோம், மண் போட்டோம், வந்தோம். வாங்கிய புதிதில் அந்தக் கார்டில் சில மாதம் வட்டி கிடையாது என்பதால் நான் அதைப் பற்றிக் கவலையும் படவில்லை.

கவலைப்படாததுதான் என் குணம். மாதாமாதம் பச்சைக் கார்டுக்காரன் குறைந்தபட்சம் இவ்வளவு கட்டு என்பான், நானும் அதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். நோயாளியின் உடம்பில் ஒரு சொட்டு நீர் கூடினால் கண்டுபிடித்துவிடும் நான், இரண்டு வருடமாக அந்தத் தொகை ஒரு சொட்டுகூடக் குறையவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

கண்டுபிடித்தவர் சேவியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, இருபத்து நான்கு மாதக் காகிதங்களையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா ரீட்டா இது, டெமரேஜ் மாதிரி ஏறிகினே கீது?" என்றார்.

3

இந்த டெமரேஜைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடசென்னையில் துறைமுகத்தைச் சுற்றிப் பிழைத்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஊரில் சேவியர் ஒரு கிளியரிங் ஆபீஸில் பதினைந்து வருடம் வேலை பார்த்தார். கப்பலில் வந்து இறங்கும் கன்டெய்னர்களைக் காகிதம் காட்டி, வரி கட்டி, வெளியே எடுத்துக் கொடுக்கும் வேலை. அவர்கள் கன்டெய்னர் என்று சொல்வதில்லை, பெட்டி என்பார்கள். இறங்கிய பெட்டி சில நாட்கள் வாடகை இல்லாமல் துறைமுகத்திலேயே இருக்கலாம். அதற்கு ஃப்ரீ டேஸ் என்று பெயர். அந்த நாட்கள் தீர்ந்ததும் தாமதக் கட்டணம் ஓட ஆரம்பிக்கும். அதுதான் டெமரேஜ். நாளாக ஆக அதன் விகிதமும் கூடும். சரக்குக்காரர் கையில் பணம் இல்லையென்றால், பெட்டியை லாரியில் ஏற்றி மணலிப் பக்கமோ திருவொற்றியூர்ப் பக்கமோ பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒரு யார்டுக்கு மாற்றுவார்கள். லாரிக்குச் செலவுதான். ஆனால் அங்கே புதிதாகக் கொஞ்சம் நாள் கிடைக்கும். அதற்குள் பணத்தைப் புரட்டிவிடலாம்.

நல்ல கிளியரிங் ஆள் யார் தெரியுமா? ஃப்ரீ டேஸின் கடைசி நாள் வரை பெட்டியை உட்கார வைத்துவிட்டு, அந்தக் கடைசி நாளில் வெளியே எடுப்பவர். ஒரு நாள் முன்னால் எடுத்தால் இலவசமாகக் கிடைத்த நாளை வீணாக்கினார் என்று அர்த்தம். ஒரு நாள் பின்னால் எடுத்தால் வேலை போய்விடும்.

கல்யாணமான புதிதில் ஒரு மழைக்காலம். வண்ணாரப்பேட்டை மொத்தக் கடைக்காரர் ஒருவருக்கு ஜிப்பும் பட்டனுமாக ஒரு பெட்டி வந்திருந்தது. அன்றோடு ஃப்ரீ டேஸ் முடிகிறது. சடையங்குப்பம் பக்கமெல்லாம் தண்ணீர். யார்டிலிருந்து வர வேண்டிய லாரி வரவில்லை. எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் மைல் கணக்கில் நிற்கின்றன. சேவியர் பைலை பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, திருவொற்றியூரிலிருந்து துறைமுக வாசல் வரை அந்த வரிசையை ஒட்டியே நடந்தார். ஒவ்வொரு டிரைவரிடமும் என்ன பெட்டி, காகிதம் ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே போனார். வாசலுக்குப் பக்கத்தில் ஒருவர், தான் ஏற்ற வந்த பெட்டிக்குக் காகிதம் ஆகாமல் காலி வண்டியோடு இரண்டு நாளாக நிற்கிறார். அவருக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, அவர் முதலாளியிடம் போனில் பேசி, அந்த வண்டியிலேயே நம் பெட்டியை ஏற்றி வெளியே கொண்டுவந்துவிட்டார். சாயங்காலம் முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்று, "பெட்டி வெளிய வந்துட்ச்சி" என்று மட்டும் சொன்னார். கடைக்காரர் சந்தோஷத்தில் எனக்கு இரண்டு நைட்டி அனுப்பினார். அதில் ஒன்றுக்கு ஜிப்பே இல்லை.

அந்த மனிதர்தான் இங்கே ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறார். சொல்லிக் காட்ட மாட்டார்.

4

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்று ஒன்று இந்த நாட்டில் உண்டு. புதிதாக ஒரு கார்டு வாங்கினால், பழைய கார்டின் கடனை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு நூற்றுக்கு மூன்று பவுண்டு கூலி. அதன் பிறகு இருபது மாதம் வட்டி கிடையாது. ஆஸ்பத்திரியில் பட்டம் பெற்றவர்கள் இரண்டு பேர் எனக்கு இதை விளக்கிப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன், ஒன்றும் புரியவில்லை. சேவியரிடம் சொன்னதும் ஒரே நிமிடம்.

"அட, பெட்டிய யார்டுக்கு மாத்துறது. கூலி லாரி வாடகை. இருபது மாசம் ஃப்ரீ டேஸ். இதுல இன்னா பேஜாரு கீது?"

மஞ்சள் நிறத்தில் ஒரு புதுக் கார்டு சேவியர் பெயரில் வாங்கினோம். கடன் வரம்பு ஆறாயிரம் பவுண்டு. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஏறியது. எந்தக் கார்டில் எவ்வளவு இருக்கிறது, வரம்பு எவ்வளவு, ஃப்ரீ டேஸ் எப்போது முடிகிறது என்று கட்டம் கட்டி, துறைமுக ரிஜிஸ்டரில் எழுதும் அதே குட்டிக் கையெழுத்தில் எழுதினார்.

அவருடைய திட்டம் இவ்வளவுதான். பச்சையில் இருந்த கடனை உடனே மஞ்சளுக்கு மாற்றுவது. நீலத்தில் வட்டியில்லாக் காலம் இன்னும் மீதி இருப்பதால் அதைக் கடைசி நாள் வரை உட்கார வைத்துப் பிறகு மாற்றுவது. அப்படிச் செய்தால் பச்சையும் நீலமும் காலியாகிவிடும். இரண்டுக்கும் தலா மூவாயிரத்து ஐந்நூறு வரம்பு. ஒவ்வொன்றிலும் ஒருவரின் விசாக் கட்டணம் போய்விடும். மூன்றாமவருக்கு நாங்கள் வங்கியில் சேர்த்து வைத்திருந்த ரொக்கம் சரியாக இருந்தது. மூன்று பேர், மூன்று இடம்.

"அதுக்கப்புறம் கட்ட வேண்டாமா?" என்றேன்.

"கட்டணும். நான் ராத்திரி ஷிஃப்டு எடுத்துக்கிறேன். ஒயுங்கா கட்னா ஒண்ணரை வருசத்துல முடிஞ்சிடும். ஆனா இப்போ மூணு பேரும் உள்ள வரணும்ல."

ஷெரின் இந்த அட்டவணையை அலட்சியமாகப் பார்த்துக்கொண்டு பால் எடுப்பாள். அவளுக்கு இதெல்லாம் "உங்க பேப்பர் வேல". அவள் பேசும் தமிழ் முழுவதும் அப்பாவிடம் கற்றது. நான் ஷிஃப்டுக்குப் போய்விடுவேன், பிள்ளையை வளர்த்தது அவர்தான். ஆகவே அவள் வாயில் இருப்பது சுத்தமான ராயபுரம். டெமரேஜ் என்பதை வெகுநாள் தமிழ் வார்த்தை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் நூலகப் புத்தகத்துக்குத் தாமதக் கட்டணம் கேட்டபோது, எங்கள் மொழியில் இதற்கு டெமரேஜ் என்று பெயர் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். நானும் திருத்தவில்லை. அப்பனும் மகளும் ஒரே மாதிரி தப்பு செய்தால் வீட்டில் சண்டை இருக்காது.

5

தப்பு நடந்தது. அதுவும் சேவியருக்கு.

மஞ்சள் கார்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கணக்குத் தொடங்கி அறுபது நாட்களுக்குள் மாற்றும் கடனுக்குத்தான் வட்டி கிடையாது. அதற்குப் பிறகு மாற்றினால் சாதாரண வட்டி. அதை அவர் படிக்காமல் இல்லை. அடிக்கோடு போட்டே படித்திருந்தார். நாளையும் எண்ணியிருந்தார். ஆனால் எண்ணியது துறைமுகத்து முறையில்.

அவர் வேலை பார்த்த காலத்தில், கப்பலிலிருந்து கடைசிச் சரக்கு இறங்கிய மறுநாளிலிருந்துதான் ஃப்ரீ டேஸ் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் அந்தக் கணக்கில் சேராது. பதினைந்து வருடம் அப்படி எண்ணிய ஆளுக்கு நாள் என்றால் அதுதான் நாள். கார்டு வீட்டு வாசலில் வந்து விழுந்த மறுநாளை ஒன்று என்று வைத்துக்கொண்டார். ஞாயிறுகளைத் தள்ளினார், வங்கி விடுமுறைகளைத் தள்ளினார். வங்கியே விடுமுறை என்று சொல்லும்போது அது எப்படி நாளாகும்? நீலக் கார்டின் கடைசி ஃப்ரீ டே அன்று, தன் கணக்கில் ஐம்பத்தோராவது நாளில், நிதானமாக உட்கார்ந்து கடனை மாற்றினார். வங்கிக்காரன் கணக்கில் அன்று எழுபத்தோராவது நாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. யார்டில் இடத்தை வீணாக்கக் கூடாது என்ற பழக்கத்தில் மஞ்சள் கார்டை விளிம்புவரை நிரப்பியிருந்தார். மாதக் கடைசியில் வட்டி விழுந்ததும் ஆறாயிரம் வரம்பு தாண்டிவிட்டது. வரம்பைத் தாண்டினால் சலுகையே ரத்து. முதலில் மாற்றிய பச்சைக் கார்டின் கடனுக்கும் வட்டி போட ஆரம்பித்தார்கள். இப்படி ஒருவன் வரம்பைத் தாண்டினால் அது ஒரு பொதுக் கோப்பில் ஏறும், எல்லா வங்கிகளும் அதைப் பார்க்கும். நீலக் கார்டுக்காரன் பார்த்தான். அடுத்த வாரமே, உங்கள் வரம்பை மூவாயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரமாகக் குறைக்கிறோம் என்று மரியாதையாகக் கடிதம் எழுதினான்.

மூன்று இடங்களில் ஒன்று போயிற்று. விசா முடிய இரண்டு மாதம்கூட இல்லை.

சேவியர் கத்தவில்லை, வங்கியைத் திட்டவில்லை. ஃபிரிட்ஜ் கதவிலிருந்த அட்டவணையை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஒரு பெட்டி நான் லேட்டா எடுத்ததில்ல ரீட்டா" என்றார். அவ்வளவுதான். நான் வழக்கமாக வாயாடி. அன்று தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தேன், அவரும் சாப்பிட்டார்.

கூட வேலை செய்பவர்களிடம் கைமாற்றாகக் கேட்கட்டுமா என்று மறுநாள் கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "இரு. மொதல்ல மனு போடுவோம்."

6

துறைமுகத்தில் டெமரேஜ் விழுந்துவிட்டால் அதோடு கதை முடிவதில்லை. தள்ளுபடி கேட்டு மனு போடலாம். அந்த மனு எழுதுவதில் அவருடைய முதலாளி காதர் பாய் கெட்டிக்காரர். வண்ணாரப்பேட்டைக்காரர். முதலாளி என்று பேர்தானே தவிர, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மாமு என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், என்னைக் காதர் பாய் தங்கச்சி என்பார். சேவியர் அவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"மாமு, அந்த வெள்ளக்காரன் வாரத்துக்கு ஏழு நாளும் எண்றானா? இன்னா அநியாயம் இது!" என்றார் காதர் பாய். பிறகு தொழிலுக்கு வந்தார். "தோ பார், எடுத்த எடுப்புல நம்ம தப்ப ஒத்துக்க. அப்பால எப்டி ஆச்சுன்னு தேதி போட்டு எழுது. முழுத் தள்ளுபடி கேளு. அவன் பாதிதான் குடுப்பான், வாங்கிக்க."

சேவியர் கையாலேயே எழுதினார். மிகுந்த பணிவுடன் சமர்ப்பிப்பது என்று ஆரம்பித்து, நான்கு பக்கம், துறைமுக இங்கிலீஷில். நடுவில் ஒரு கட்டம். தேதி, கிழமை, அது தன் கணக்கில் எத்தனையாவது நாள், ஏன் அந்த ஞாயிற்றுக்கிழமை நாளாகாது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம். கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க உட்கார்ந்த ஷெரின் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"நைனா, இந்த மாரி யாரும் எய்த மாட்டாங்க. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் கண்ணு. சிரிக்கிறவன் முழுசா படிப்பான்."

அவள் ஒரு வரியையும் மாற்றாமல் அடித்தாள். ஆங்கிலத்தில் பிழை திருத்தலாமா என்று கேட்டாள். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தச் சொன்னார், பணிவைத் திருத்தக் கூடாது என்றார். அன்று முதன்முதலாக அவள் அந்த "பேப்பர் வேலையை" உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். விசா என்றால் என்ன, வரம்பு என்றால் என்ன, எதற்கு மூன்று இடம் என்று. பிள்ளைகளுக்குக் காசு விஷயம் தெரியக் கூடாது என்று நான் வைத்திருந்த கொள்கை அன்றோடு போயிற்று. போகட்டும்.

மூன்று வாரம் கழித்து வங்கியின் புகார்ப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அவளுக்கு வரும் கடிதங்களில் தவறு என்னுடையது என்று ஆரம்பிக்கும் கடிதத்தை அவள் பார்த்ததே இல்லையாம். கட்டம் போட்ட பக்கத்தைப் பக்கத்து மேசைக்கும் காட்டினாளாம். காதர் பாய் சொன்னபடியே பாதி கிடைத்தது. பச்சையிலிருந்து மாற்றிய கடனுக்குச் சலுகை திரும்ப வந்தது. விழுந்த வட்டியைத் திருப்பினார்கள். நீலத்திலிருந்து மாற்றியதற்கு மட்டும் வட்டி உண்டு என்றார்கள். கோப்பில் ஏறிய குறிப்பை நீக்கினார்கள்.

சேவியர் அந்தக் கடிதத்தை இணைத்து நீலக் கார்டுக்காரனுக்கு இன்னொரு மனு போட்டார். வரம்பைத் திரும்பக் கொடு என்று. பதில் வரவே இல்லை. நாட்கள் போயின. தினமும் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கதவடியில் தபாலைப் பார்ப்பார். பதில் வந்தபோது விசா முடிய நான்கு நாள்தான் இருந்தது. மூவாயிரத்து ஐந்நூறு இல்லை, மூவாயிரத்து இருநூறு. போதும். ஒருவருக்கான கட்டணம் அதில் அடங்கும்.

நான் சொல்கிறேன், படித்தவர்கள் பத்துப் பேரை உட்கார வைத்தாலும் இந்த வேலையை இப்படி முடித்திருக்க மாட்டார்கள். தப்பு செய்ததும் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் தப்பிலிருந்து ஒரு மனிதன் எப்படி எழுந்து வருகிறான் என்பதை நான் என் வீட்டு மேசையிலேயே பார்த்தேன்.

7

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டணம் கட்ட உட்கார்ந்தோம். ஷெரின் கம்ப்யூட்டர் முன்னால். மேசையில் சேவியரின் தாள். மூன்று பெயர், எதற்கு எதிரே எந்தப் பணம் என்று எழுதியிருந்தார். முதலில் நான், ரொக்கம். அடுத்து ஷெரின், பச்சை. மூன்றாவது அவர், நீலம். அவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்னதாக, "இடமிருந்தால்".

எப்போது எழுதிய தாள் இது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சேவியரின் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அவருடைய வாட்ஸப் அந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்திருந்தது. காதர் பாய் பெயரைப் பார்த்ததும் ஷெரின் அழுத்திவிட்டாள்.

"மாமு, நல்லாகீறியா? அன்னிக்கு கேட்டியே, ஆபீஸ்ல உன் சீட்டு அப்டியே காலியாதான் கீது. அங்க எடம் பத்தலன்னா ரோசன பண்ணாத, ஏறி வந்துரு. அவங்க ரெண்டு பேரும் அங்கியே நல்லா இருக்கட்டும். தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா, இன்னும் சொல்லலியா?"

வேறு வீடாக இருந்தால் இந்தப் பேச்சு பிள்ளைக்குப் புரிந்திருக்காது. என் வீட்டில் ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

"நைனா, அங்க எதுக்கு ஒனக்கு சீட்டு?" என்று ஷெரின் கேட்டாள்.

சேவியர் ஜன்னலைப் பார்த்தார். "சும்மா கேட்டு வெச்சேன் கண்ணு. சரக்கு நிறைய இருந்து கப்பல்ல இடம் இல்லன்னா ஒண்ண கரையிலயே வுட்டுட்டுப் போவாங்க. அடுத்த கப்பல்ல ஏத்துவாங்க. அதுக்குன்னு கப்பல நிறுத்த முடியுமா?"

எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தால் எனக்குக் குரல் ஏறிவிடும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் தோட்டத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா நெனச்சுகினு கீற நீ? நாலு மாசமா மனு எழுதினது, ஓடினது, எல்லாம் எங்க ரெண்டு பேருக்கா? நீ என்ன சரக்கா? யாரைக் கேட்டு உன்னைக் கரையில விட்ட?"

நான் அந்தத் தாளை எடுத்து, மூன்று பெயரையும் அடித்துவிட்டு, திரும்ப எழுதினேன். முதலில் சேவியர், ரொக்கம். சந்தேகமே இல்லாத பணம் அது ஒன்றுதான். அடுத்து ஷெரின், பச்சை. கடைசியில் நான், நீலம். என் வேலை விசாவில்தான் மற்ற இருவரும் தொங்குகிறார்கள். என் விண்ணப்பம் போகாவிட்டால் அவர்களுடையதற்கும் மதிப்பில்லை. அது தெரிந்துதான் என்னைக் கடைசியில் வைத்தேன். ஏறினால் மூன்று பேரும் ஏறுவோம், இல்லையென்றால் மூன்று பேரும் ராயபுரம் போவோம். புத்திசாலித்தனமான காரியம் இல்லைதான். ஆனால் இத்தனை நாள் புத்திசாலித்தனம் அவரிடம் இருந்தது, அதன் லட்சணத்தைத்தான் பார்த்தேனே.

சேவியரின் கட்டணம் போயிற்று. ஷெரினுடையது போயிற்று. என்னுடையதை அழுத்தியதும் சிவப்பு எழுத்தில் மறுக்கப்பட்டது என்று வந்தது.

இரண்டு நிமிடத்தில் சேவியரின் போன் அடித்தது. நீலக் கார்டும் அவர் பெயரில்தான். வழக்கமில்லாத பெரிய தொகை என்பதால் நிறுத்தி வைத்திருக்கிறோம், இது உங்களுக்குத் தெரிந்த செலவுதானா என்று ஒரு பெண் குரல் கேட்டது. பிறந்த தேதி கேட்டாள், முகவரி கேட்டாள், அம்மாவின் பெயர் கேட்டாள். அதிகாரி முன்னால் நிற்பதுபோல அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில், இந்தப் பணம் யாருக்காக என்று கேட்டாள்.

"மை வைஃப், மேடம்" என்றார். "ஷீ இஸ் டேக்கிங் மீ, மேடம்."

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, இப்போது மறுபடி முயன்று பாருங்கள் என்றாள். ஷெரின் அழுத்தினாள். சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. பிறகு ஒரு ரசீது எண்ணும் நன்றியும் வந்தன.

சேவியர் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் தோளில் கை வைத்து நின்றேன். எங்களைப் பார்க்காமலே ஷெரின் போனை எடுத்து, காதர் பாய்க்குக் குரல் செய்தி அனுப்பும் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினாள்.

"காதர் அங்கிள், ஷெரின் பேசறேன். அந்த சீட்ட வேற யார்க்கனா குட்த்துடுங்க. எங்க நைனா வர்ல."